நீராவியக்காவும் சூடேறும் வேனும்

நீராவியக்கா கார் மெக்கானிக் ஆவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். படுக்கை விரிப்புகளும் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளும் வெந்து வெளியே வருகிற நீளமான கூடம் அது. அதன் கோடியில் ஒரு பாய்லர் இருந்தது. அதற்குத் தண்ணீர் காட்டுவது, அழுத்தம் பார்ப்பது, எந்தக் குழாயில் எந்த மூட்டு கசிகிறது என்று கண்டுபிடிப்பது எல்லாம் அக்காவின் பொறுப்பு. ஒருநாள் நிர்வாகம் துணியையெல்லாம் வெளியே கொடுத்து வெளுக்கலாம் என்று முடிவு செய்து கூடத்தைப் பூட்டிவிட்டது. கூட இருந்தவர்கள் எல்லாம் வேறு சலவைக் கடைகளுக்குப் போனார்கள். அக்கா மட்டும் இரண்டு தெரு தள்ளி இருந்த ரேடியேட்டர் கடைக்குப் போய் வேலை கேட்டார்.

"பாய்லருக்கும் காருக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றாராம் கடைக்காரர்.

"ரெண்டுலயும் தண்ணிதான் சூடாகுது. அங்க கொதிக்கணும், இங்க கொதிக்கக் கூடாது. அவ்வளவுதானே வித்தியாசம்?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு வேலை இல்லை என்று எப்படிச் சொல்வது? அப்படித்தான் அக்கா இந்தத் தொழிலுக்குள் வந்தார். அந்தக் கடையில் ரேடியேட்டரில் ஆரம்பித்து, மெல்ல எஞ்சினுக்குள் நுழைந்து, பிரேக், கிளட்ச் என்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாக ஒரு ஷெட் எடுத்தார். பாய்லர் கதை ஊருக்கே தெரியும் என்பதால் பெயர் நீராவியக்கா என்று ஒட்டிக்கொண்டது. எனக்குத் தெரிந்து அவரை வேறு பெயரில் கூப்பிட்டவர் அவருடைய கணவர் ஒருவர்தான். அவரும் "இந்தா பாரு" என்றுதான் கூப்பிடுவார்.

கணவர் தையல்காரர். ஷெட்டுக்கும் அவருடைய கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். அக்கா அதிகம் பேசமாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து தையல்காரர் பேசிவிடுவார். வண்டியை விட்டுவிட்டுக் காத்திருப்பவர்களை அவர் கடையில்தான் உட்கார வைப்பார்கள். உட்கார்ந்தவர் எழுந்திருப்பதற்குள் "சும்மாதானே இருக்கீங்க, ஒரு பேன்ட்டுக்கு அளவு கொடுத்துட்டுப் போங்களேன்" என்று நாடாவை இடுப்பில் சுற்றிவிடுவார். வண்டியை விடப் போய் சட்டையோடு திரும்பி வந்தவர்களில் நானும் ஒருவன்.

நான் சொல்ல வந்தது வேன் கதை.

என் அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை நிறுத்தம் செய்துவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அம்மாவைப் போலவே எங்கள் பக்கத்தில் இன்னும் சில பேர். எல்லாரையும் வீட்டு வாசலில் ஏற்றி, வாசலிலேயே இறக்கிவிட ஒரு வேன் வரும். அதை ஓட்டுகிறவரை எல்லாரும் மெதுவாண்ணன் என்பார்கள். பள்ளம் வந்தால் இறங்கி நின்று அளந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை இறக்குவார் என்று கேலி பேசுவார்கள். ஊசி குத்தின கையை மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அந்த நிதானம்தான் வேண்டும். அம்மா அவரைத் தவிர வேறு யார் வண்டியிலும் ஏறமாட்டாள்.

ஊருக்குள் இருந்த சிகிச்சைப் பிரிவை, ஊரைச் சுற்றிப் போகிற பெரிய சாலைக்கு அப்பால் கட்டிய புதுக் கட்டிடத்துக்கு மாற்றினார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. பெரிய சாலையில் மெதுவாகப் போனால் பின்னால் வருகிற லாரிக்காரர்கள் ஹாரனாலேயே தூக்கி எறிந்துவிடுவார்கள். மெதுவாண்ணனும் வேறு வழியில்லாமல் மிதித்தார். மிதித்தால் வெப்பம் காட்டுகிற முள் சிவப்புக் கோட்டுக்கு ஏறியது. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பானட்டைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். ஆற விட்டுக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். மறுபடி மிதித்தால் மறுபடி ஏறும்.

அந்த வேன் பார்க்காத வைத்தியம் இல்லை. பெரிய சாலையில் வருகிற கோளாறுக்குப் பெரிய இடம்தான் சரி என்று யாரோ சொல்ல, மெதுவாண்ணன் அக்காவின் ஷெட்டைத் தாண்டி வேறு கடைகளுக்குப் போனார். ஒரு இடத்தில் சூட்டுக்குத் தகுந்தபடி தண்ணீர் வழியைத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். இன்னொரு இடத்தில் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். மூன்றாவது இடத்தில் தண்ணீரைச் சுற்ற வைக்கிற பம்ப்பையே புதிதாகப் போட்டார்கள். ஒவ்வொரு கடையிலும் வண்டியை நிறுத்திவைத்து ஓடவிட்டுப் பார்ப்பார்கள். முள் நல்ல பிள்ளையாக நடுவில் நிற்கும். பெரிய சாலைக்கு வந்ததும் தன் குணத்தைக் காட்டும். கடைசியில் போன பெரிய பட்டறையில், எஞ்சினுக்குள்ளே தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைத்துவைக்கிற ஹெட் கேஸ்கட் போயிருக்கும், பிரித்துத்தான் பார்க்க வேண்டும், வண்டி பல வாரங்கள் இங்கேயே கிடக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

வண்டி கிடந்தால் அம்மா மாதிரி ஆட்கள் எப்படிப் போவது? மெதுவாண்ணன் வண்டியை அங்கே விடாமல் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் அவர் தையல் கடைக்கு வந்தார். நான் அங்கே என் சட்டைக்காகக் காத்திருந்தேன். தன் சட்டையில் ஒரு பொத்தான் விழுந்துவிட்டது, தைத்துத் தர வேண்டும் என்றார். தையல்காரர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாப் பொத்தானும் அதது இடத்துலதானே இருக்கு?"

"அப்படியா? சரியாப் பாருங்க."

"நீ பொத்தானுக்கு வரல. சுவருக்கு அந்தப் பக்கம் வந்திருக்க. நேராவே போக வேண்டியதுதானே?"

"அக்கா கோவமா இருக்காங்களா?"

"அவ கோவப்பட்டா எனக்கே தெரியாது. போ, போய்ப் பாரு."

அக்கா கோபப்படவில்லை. முதலில் கேட்டது, "ஏன் என்கிட்ட வரல?" என்பதல்ல. "ஊருக்குள்ள சிக்னல்ல நிக்கும்போது ஏறுதா?" என்றுதான் கேட்டார்.

"இல்லக்கா. எவ்வளவு நேரம் நின்னாலும் ஏறல. பெரிய ரோட்டுல போனாத்தான்."

"அப்போ ஃபேன் நல்லா இருக்கு. வேகமாப் போகும்போது காத்து தானாவே அடிக்குது. அப்பவும் சூடு ஏறுதுன்னா தண்ணி சரியா சுத்தல."

"பம்ப் புதுசுக்கா. ரேடியேட்டரையும் கழுவிட்டாங்க."

 எஞ்சின் ஆறியிருந்ததால் அக்கா ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வண்டியைக் கிளப்பச் சொல்லி, தண்ணீரில் குமிழி வருகிறதா என்று வெகுநேரம் பார்த்தார். ஆயில் அளக்கிற கம்பியை எடுத்து, பால் கலந்தது போல வெளுத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். பின்னால் போய் குந்தி உட்கார்ந்து புகையை மோந்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். நாளைக்கு நானும் உங்ககூட வர்றேன்" என்றார்.

அடுத்த நாள் எனக்கு விடுமுறை. அம்மாவுக்குத் துணையாக நானும் வேனில் ஏறியிருந்தேன். அக்கா முன் சீட்டில், மடியில் ஒரு சின்னக் கருவிப் பையோடு உட்கார்ந்திருந்தார். போகும்போது முள் ஏறவே இல்லை. சாலையில் ஏதோ வேலை நடந்து ஒரே நெரிசல். வண்டி ஊர்ந்துதான் போனது. "ஆள் பார்த்துத்தான் நடிக்குது இந்த வண்டி" என்று மெதுவாண்ணன் பல்லைக் கடித்தார். அக்கா ஆஸ்பத்திரி வாசலில் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து சிகிச்சை முடிகிறவரை காத்திருந்தார். எனக்கென்னவோ அது அவருக்குச் சிரமமாகத் தெரியவில்லை. பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய பொறுமை அது.

சிகிச்சை முடிந்தால் அம்மாவுக்கு உடம்பு நடுங்கும். போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஹீட்டர் காற்று வருகிற துவாரத்துக்கு நேராக உட்காருவாள். அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியதும் முன் சீட்டைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏம்மா, அந்த ஹீட்டரையும் கொஞ்சம் பாரேன். சூடு பறக்க வேண்டிய நேரத்துலதான் சில்லுன்னு அடிக்குது."

"அம்மாவுக்குக் குளிர்க் காய்ச்சல்க்கா" என்றார் மெதுவாண்ணன். "ஹீட்டர் நல்லா இருக்கு. சூடு ஏறினா நான்தான் அதை முழுசாத் திறந்து விடுறேன், எஞ்சின் கொஞ்சம் ஆறட்டும்னு."

நானும் அதைத்தான் அம்மாவிடம் பல தடவை சொல்லியிருந்தேன். உனக்கு உடம்பு குளிருகிறது, காற்று நன்றாகத்தான் இருக்கிறது என்று. அக்கா அப்படி விடவில்லை. முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"எப்ப சில்லுன்னு வருதும்மா?"

"ஆவி கிளம்புறதுக்கு முன்னாடி. கதகதன்னு வந்துட்டே இருக்கும். திடீர்னு சில்லுன்னு ஆயிடும். அப்புறம் இவன், ஏறிடுச்சு ஏறிடுச்சுன்னு வண்டிய ஓரங்கட்டுவான்."

"ஒவ்வொரு தடவையும் அப்படித்தானா?"

"பின்ன? போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரியாதா?"

அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எஞ்சினில் சுற்றுகிற அதே சுடுதண்ணீர்தான் ஹீட்டருக்கும் வருகிறது, எஞ்சின் கொதிக்கும்போது ஹீட்டர் குளிர்ந்தால் தண்ணீர் அங்கே வந்து சேரவே இல்லை என்று அர்த்தம், என்று எங்களுக்கு விளக்கினார். பிறகு மெதுவாண்ணனிடம் சொன்னார்: "இப்ப வழக்கம் போல மிதிங்க. முள் லேசா அசைஞ்சதும் ஓரங்கட்டுங்க. ஆனா எஞ்சினை அணைக்காதீங்க."

"அணைக்காம எப்படிக்கா? வெடிச்சிடாதா?"

"கொஞ்ச நேரம்தான். நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதீங்க."

பெரிய சாலை திறந்து கிடந்தது. வண்டி வேகமெடுத்தது. அம்மா போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி துவாரத்தில் வைத்துக்கொண்டாள்.  கொஞ்ச தூரம் போனதும் அம்மா, "வந்துடுச்சு, சில்லுன்னு!" என்று கத்தினாள். சொல்லி வாயை மூடுவதற்குள் முள் அசைந்தது.

வண்டி ஓரத்தில் நின்றது. அக்கா குதித்து இறங்கி பானட்டைத் தூக்கினார். "மிதிங்க!" எஞ்சின் உறுமியது. மூடிப் பக்கம் கையே கொண்டுபோகாமல், குனிந்து, ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்ப்புக்குப் போகிற தடித்த ரப்பர் குழாயைப் பார்த்தார். "இங்க வாங்க" என்று என்னைக் கூப்பிட்டார். நானும் பார்த்தேன். பாட்டிலின் அடியில் இருக்கிற கடைசிச் சொட்டை உறிஞ்சும்போது ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளுமே, அது மாதிரி அந்தக் குழாய் தட்டையாக ஒட்டிக் கிடந்தது.

"காலை எடுங்க."

உறுமல் அடங்கியது. குழாய் மெல்ல உப்பி, உருண்டையாக, அப்பாவியாக நின்றது.

அத்தனை கடைகளிலும் எஞ்சினை அணைத்துவிட்டோ, நின்ற இடத்தில் லேசாக ஓடவிட்டோதான் பானட்டைத் திறந்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் அது உருண்டையாகத்தான் இருக்கும். மெதுவாண்ணனும் இறங்கி வந்து பார்த்தார். "இவ்வளவுதானா? இதுக்கா எஞ்சினைப் பிரிக்கச் சொன்னானுங்க?" என்று அவர் துள்ளிக் குதிக்க, உள்ளே இருந்தவர்களும் கை தட்டினார்கள்.

அக்கா மட்டும் நிமிரவில்லை. குனிந்தபடியே அந்தக் குழாயின் நுனியை, அதில் கீறியிருந்த ஒரு சின்னக் குறியை, பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து, வேனின் கதவுப் பக்கம் வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"இது நான் போட்ட குழாய்."

மெதுவாண்ணனுக்குப் புரியவில்லை. "என்னக்கா?"

"மழைக்கு முன்னாடி பழசு கசியுதுன்னு வந்தீங்களே. நான்தான் மாத்தினேன். குழாய் நுனியில இப்படிக் குறி கீறுறது நான் மட்டும்தான். மத்தவங்க கழட்டிட்டு இதையேதான் திருப்பி மாட்டியிருக்காங்க. உள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கணும், ஒட்டிக்காம இருக்க. இதுல இல்ல போலிருக்கு. நான் பார்க்காம போட்டுட்டேன். ஊருக்குள்ள மெதுவா ஓட்டினவரைக்கும் தெரியல. உங்க எல்லாரையும் நடுரோட்டுல நிறுத்தினது நான்தான்."

 லாரிகள் காற்றைக் கிளப்பிக்கொண்டு போயின. அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "சரி, குளிருது, ஏறி உட்காரு. வீட்டுக்குப் போகலாம்."

வேகம் எடுக்காவிட்டால் குழாய் ஒட்டாது என்று அக்கா சொன்னதால், அன்றைக்கு வேன் சாலையின் ஓரத்தோடு ஓரமாக ஊர்ந்து வந்தது. பின்னால் ஹாரன்கள் காதைக் கிழித்தன. "நான் மெதுவா ஓட்டுறதுக்கு இன்னைக்குத்தான்யா மரியாதை!" என்று மெதுவாண்ணன் சத்தமாகச் சொன்னார். அக்காவைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அக்கா சிரித்த மாதிரி தெரியவில்லை.

ஷெட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, ஸ்பிரிங் வைத்த குழாயைத் தேடி வாங்கிவந்து மாட்டினார். அதன் பிறகு அந்த வேன் கொதித்ததே இல்லை. ஆனால் அக்காவுக்கு வேலை அதோடு முடியவில்லை. ஒரே கட்டாக வாங்கியிருந்ததில் மிச்சமிருந்த ஒரு குழாயை அலமாரியிலிருந்து எடுத்துக் கத்தியால் நெடுக்காகக் கிழித்தார். உள்ளே வெறும் ரப்பர். அந்தக் கட்டிலிருந்து எத்தனையோ வண்டிகளுக்குப் போட்டிருந்தார்.

தையல்காரர் சுவர் வழியாக எட்டிப் பார்த்தார். "இந்தா பாரு, வித்தவன் ஏமாத்தியிருக்கான். நீ என்ன பண்ணுவ? வண்டி கொதிச்சா தானா வருவாங்க, அப்ப மாத்திக் கொடு."

"கொதிச்சா என்கிட்டயா வருவாங்க? மெதுவாண்ணன் எங்கெல்லாம் போனார்னு பார்த்தீங்கல்ல? அதுல ஒருத்தர் எஞ்சினைப் பிரிச்சிருந்தா?"

தையல்காரர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, "சரி, யார் யாருன்னு சொல்லு" என்றபடி ஷெட்டுக்குள் வந்து ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தார்.

அங்கேதான் வேடிக்கை. அக்காவுக்கு வண்டிகள் ஞாபகம் இருக்கும், ஆட்கள் ஞாபகம் இருக்காது. தையல்காரருக்கு ஆட்களை அவர்களுடைய உடம்பை வைத்துத்தான் தெரியும்.

"வெள்ளைக் கார். இடது கண்ணாடியில டேப் ஒட்டியிருக்கும். கிளட்ச் கொஞ்சம் இழுக்கும்."

"டேப்பா… ஆங், ஒரு தோள் இறங்கியிருக்குமே, அவரு! பல் டாக்டர் மாடியில குடியிருக்காரு."

"பச்சை ஜீப். சைலன்சர் ஓட்டை."

"இடுப்பு பெருசு, கால் குட்டை. பேன்ட்டுக்குத் துணி மிச்சமாகுதுன்னு சண்டை போட்டான். கறிக்கடைக்காரன்."

இப்படியே ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார்கள். அக்கா தானே வீடு தேடிப் போனார். "நான் போட்ட குழாய் சரியில்ல, மாத்திட்டுப் போறேன், நீங்க ஒண்ணும் கொடுக்க வேண்டாம்" என்று வாசலிலேயே குனிந்துவிடுவார். சிலர் காபி கொடுத்தார்கள். சிலர் சந்தேகமாகப் பார்த்தார்கள். பல் டாக்டர் மாடிக்காரர், "நல்லா ஓடுற வண்டிய ஏன்மா தொடுற?" என்று விடவே மாட்டேன் என்றாராம். அவருடைய மனைவிதான் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒரே ஒரு வண்டி மிச்சம். பெயின்டர் ஒருவருடைய சின்ன சரக்கு வண்டி. பக்கப் பலகை முழுக்கப் பல நிறத்தில் சொட்டுச் சொட்டாகக் காய்ந்திருக்கும். வழியில் போகும்போது நிறுத்திக் குழாய் மாற்றிக்கொண்டு போனவர். அளவு கொடுக்கவில்லை. அதனால் தையல்காரருக்கும் தெரியவில்லை. அக்கா காலையில் ஷெட்டைத் திறப்பதற்கு முன்னால் பெரிய சாலைச் சந்திப்பில் போய் நின்றார். வண்டிகளை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து, லிஃப்ட் வேண்டுமா என்று எத்தனையோ பேர் நிறுத்திக் கேட்டார்களாம். "ஏறிக்கோன்னு சொல்ல இத்தனை பேரு இருக்கும்போது நான் எதுக்கு?" என்று தையல்காரர் எங்களிடம் புலம்பினார். ஆனால் தினமும் ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு அங்கே போய் அவரும் கூட நின்றார்.

வண்டி ஒருநாள் வந்தது. பெயின்டர் நிறுத்தினார். அக்கா சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. அவருடைய வண்டி முன்பே கொதித்து, எங்கோ ஒரு இடத்தில் எஞ்சினையே பிரித்துவிட்டிருந்தார்கள். பெரிய வேலை ஒன்று அவர் கையை விட்டுப் போயிருந்தது. நடுச்சாலையில் வைத்து அக்காவைத் திட்டித் தீர்த்தார். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்பது வரை போனது பேச்சு. தையல்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவர் சொல்றது நியாயம்தான். வேலை போனது அவருக்கு" என்றார். பிறகு பெயின்டரிடம், "இனிமே இந்த வண்டிக்கு எது வந்தாலும் என்கிட்ட கொண்டு வாங்க. நான் பார்த்துத் தர்றேன்" என்றார்.

பெயின்டர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் அவர் வரவே இல்லை. இதை என்னிடம் சொன்னவர் தையல்காரர்தான். சொல்லும்போது முதல்முறையாக அவர் பேச்சில் வேகம் குறைந்திருந்தது. "அன்னைக்கு வீட்டுக்கு வந்தப்ப கண்ணுல தண்ணி நின்னுச்சு. அடுத்த நாள் வழக்கம் போல ஷெட்டைத் திறந்துட்டா."

ஊரில் பேச்சு இரண்டு விதமாக ஓடியது. தன் வேலையில் தப்பு என்று தானே சொல்கிற மெக்கானிக்கிடம் வண்டியை எப்படி நம்பி விடுவது என்றார்கள் சிலர். அவர்களில் சிலர் வரவும் இல்லை. மெதுவாண்ணனோ, ஏறுகிற நோயாளிகள் ஒவ்வொருவரிடமும் இந்தக் கதையைச் சொல்லி, அவர்களுடைய பிள்ளைகள், மருமகன்கள் வண்டியையெல்லாம் அக்காவிடம் அனுப்பிவைத்தார். குழாய் விற்றவரை அக்கா ஒருநாள் ஷெட்டுக்குள் கூப்பிட்டு, கிழித்த குழாயைக் கையில் கொடுத்து, "உள்ள விரலை விட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னாராம். அந்த மனிதர் அடுத்த தடவை வரும்போது ஒவ்வொரு குழாயிலும் தானே விரலை விட்டுக் காட்டிவிட்டுத்தான் இறக்கினார்.

அம்மா இன்னும் அந்த வேனில்தான் போகிறாள். ஹீட்டர் காற்று இப்போது வழி நெடுகக் கதகதப்பாக வருகிறது. எஞ்சின் கோளாறைக் கண்டுபிடித்தது தான்தான் என்று ஆஸ்பத்திரி நர்ஸ்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அக்காவைக் கேட்டால் அவரும் ஆமாம் என்றுதான் சொல்கிறார்.

போன வாரம் என் காரில் திரும்பும்போது மட்டும் 'டொக்' என்று ஒரு சத்தம். அக்காவிடம் கொண்டுபோனேன். என்னை ஓட்டச் சொல்லிக் கூடவே உட்கார்ந்து தெருத் தெருவாகச் சுற்றினார். அடியில் படுத்துப் பார்த்தார். கடைசியில் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "என்னன்னு தெரியல. நாளைக்கு இன்னொரு தடவை சுத்துவோம்" என்றார்.

சரி என்று சாவியைக் கொடுத்துவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தேன்.